பிலோமினா மேடத்தின் ஒற்றைக் கேள்வி

அந்தத் திங்கட்கிழமை ஒரு மளிகைக் கடையின் பில் மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தனபாலிடமிருந்து போன் வந்தது. தனபால் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருப்பவர். அதற்கு முன் என்னை அவர் கூப்பிட்டதே இல்லை. எது வேண்டுமென்றாலும் எஸ்டேட்டில் எல்லாரும் பிலோமினா மேடத்தைத்தான் கூப்பிடுவார்கள்.

"சார், மணி ரெண்டாவுது. மேடம் இன்னும் எனக்குப் போன் பண்ணலைங்களே" என்றார்.

"செயலியில பதில் போட்டிருந்தா அவங்க எதுக்குங்க போன் பண்ணணும்? பதிலைப் போட்டுட்டுப் போங்க" என்றேன். எனக்கு எரிச்சல்.

"அதில்ல சார். எப்பவும் காலையிலயே வந்துடும் அவங்க போனு. நானே போட்டுப் பார்த்தேன். அடிக்குது, எடுக்க மாட்டேங்கறாங்க."

அன்று காலை பிலோமினா எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை. கண் டாக்டரைப் பார்க்க நெய்வேலிக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்; போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். ஆனால் போனை எடுக்காத பழக்கம் அவருக்குக் கிடையாது. வண்டியை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனேன். கீழ் வீட்டு அம்மா, "மாடியில சத்தமே இல்ல, ஊருக்குப் போயிருக்காங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே மாற்றுச் சாவியை எடுத்துவந்தார். பிலோமினா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். விடியற்காலையிலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

எஸ்டேட்டுக்கு வெளியே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் விருத்தாசலத்தில் பொம்மை, உண்டியல், பியூஸ் கேரியர் என்று பீங்கானில் செய்கிற சின்னப் பட்டறைக்காரர்கள் பலருக்குச் சொந்தச் சூளை இல்லை. சிலர் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் வைத்துப் பொதுச் சூளை நடத்துகிறார்கள். வாரம் ஒருமுறை பற்றவைப்பார்கள். காய்ந்த சரக்கைச் சக்கரம் வைத்த வண்டிகளில் அடுக்கி, வண்டியோடு உள்ளே தள்ளிவிடுவார்கள். யார் யாருக்கு வண்டி வேண்டும் என்பது திங்கட்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும். அதைக் கைப்பேசியிலேயே சொல்வதற்காக நானும் பிலோமினாவும் ஒரு செயலி செய்துகொடுத்தோம். உள்ளே ஓடுகிற கணக்கெல்லாம் நான் எழுதியது. கண்ணுக்குத் தெரிகிற திரை அவருடையது. அதில் ஒரே ஒரு கேள்வி: 'இந்த வாரம் வண்டி வேணுமா?' திரையின் மேல் பாதி முழுக்க 'வேணும்', கீழ்ப் பாதி முழுக்க 'வேணாம்'. அவ்வளவுதான். பதில் சொல்லாதவர்களைத் திங்கட்கிழமை காலையில் பிலோமினாவே கூப்பிட்டுக் கேட்பார். அவர் போனபிறகு அந்தப் போன் வேலையை யார் பார்ப்பது என்று சங்கத்தில் என்னிடம் கேட்டார்கள். அதற்கு நான் பதில் தேடி அலைந்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். அவரைப் பற்றிப் பேசினால் அது தன்னால் வந்து நிற்கிறது.

அவரை முதன்முதலில் பார்த்த நாள் ஒரு சண்டையில் முடிந்தது. கடலூர் ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேலே நான் தனியாக அலுவலகம் வைத்திருந்தேன். சென்னையில் பெரிய கம்பெனியில் திரை வடிவமைப்பு வேலை பார்த்தவர், அந்தப் பிரிவையே பெங்களூருக்கு மாற்றிவிட்டதால் ஊரோடு வந்துவிட்டார், பாதி மேசை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்கிறார் என்றார்கள். வந்தார். உட்கார்வதற்கு முன்பே என் கணினியைப் பார்த்தார். சூளைச் சங்கத்துக்காக நான் அப்போது செய்து வைத்திருந்த பதிவுத் திரை அதில் இருந்தது. பெயர், பட்டறை எண், சரக்கின் வகை, எடை, தேதி, எத்தனை வண்டி என்று வரிசையாகக் கட்டங்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"இதுல சங்கத்துக்கு ஏற்கெனவே தெரியாதது எது?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். பெயர் தெரியும். எண் தெரியும். யார் என்ன செய்கிறார்கள், வழக்கமாக எத்தனை வண்டி எடுக்கிறார்கள், எல்லாம் தெரியும். "இந்த வாரம் வேணுமா, வேணாமாங்கறது மட்டும் தெரியாது" என்றேன்.

"அப்ப அதை மட்டும் கேளுங்க. தெரிஞ்சதையே திரும்பத் திரும்பக் கேட்டா மனுசங்களுக்குக் கோவம் வரும்."

வாடகைக்கு இடம் கேட்டு வந்தவர் என் வேலையில் முக்கால்வாசியை அடித்துப்போட்டால் எனக்கு மட்டும் கோபம் வராதா? மேசை கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போனபிறகு ஒவ்வொரு கட்டமாக நீக்கிப் பார்த்தேன். எதை நீக்கினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. மறுநாள் நானே போன் பண்ணி மேசையைத் துடைத்துவைத்திருப்பதாகச் சொன்னேன். "முழு மேசையா, பாதியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

எங்கள் அலுவலகத்தில் மேசைக்கு அடியில் ஒரு பக்கெட் இருந்ததை உங்களில் பலர் பார்த்துக் கேலி செய்திருக்கிறீர்கள். அதில் இருந்தது களிமண் கரைசல், பொம்மை அச்சில் ஊற்றுகிற அதே கரைசல். அது வந்த கதை இது. முதல் திரை தயாரானதும் அதை எடுத்துக்கொண்டு தனபால் பட்டறைக்குப் போனோம். அவர் மனைவி மல்லிகா அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். போனை நீட்டினோம். கை முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருந்தது. கழுவிவிட்டு வருவார் என்று நான் நின்றேன். மல்லிகா கழுவவில்லை, விரலை மடக்கி, மண் படாத முட்டியால் திரையைத் தட்டினார். நாங்கள் வைத்திருந்த சின்னப் பொத்தானுக்கும் அந்த முட்டிக்கும் சம்பந்தமே இல்லை. 'வேணாம்' என்று பதிவாகிவிட்டது.

"பரவால்ல மேடம், இதுக்கு மூக்கால தட்டிடலாம்" என்றார் மல்லிகா. நிஜமாகவே குனிந்து மூக்கால் தட்டிக் காட்டினார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

திரும்பும்போது பிலோமினா ஒரு பக்கெட் கரைசலைக் கேட்டு வாங்கி என் ஸ்கூட்டரில் முன்னால் வைத்தார். வழியெல்லாம் அது என் பேண்ட்டில் தெறித்தது. அன்றிலிருந்து எந்தத் திரையானாலும், அது மளிகைக் கடைக்கானாலும் மருந்துக் கடைக்கானாலும், கையை அந்தக் கரைசலில் முக்கி எடுத்து முட்டியால் தட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே போகும். மருந்துக் கடைக்காரர் கையில் எதற்கு மண் வரப்போகிறது என்று கேட்டேன். "ஒரு கையில மாத்திரையை வெச்சிக்கிட்டு இன்னொரு கையில சில்லறை எண்ணிக்கிட்டுத்தான அவரு தட்டுவாரு? யாருக்கும் முழுக் கை காலியா இருக்காது சேகர்" என்றார். என்னுடைய நல்ல போன் ஒன்று அந்தக் கரைசலில் விழுந்து செத்தது. அதற்கு அவர் இரங்கல்கூடத் தெரிவிக்கவில்லை.

அவர் கைப்பையில் எப்போதும் சிவப்பு நகப்பூச்சு ஒன்று இருக்கும். நகத்தில் பூசி நான் பார்த்ததில்லை. சர்ச்சில் ஒலிபெருக்கிப் பெட்டியில் ஏகப்பட்ட திருகுகள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாதர் எதையாவது திருகி, கோயில் முழுக்கக் கீச்சென்று சத்தம் கிளம்பும். ஒரு நாள் பிலோமினா போய், தொட வேண்டிய ஒரே திருகின் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தார். கீச்சுச் சத்தம் அன்றோடு நின்றது. பிறகு டீக்கடையில் கேஸ் அடுப்பு, கீழ் வீட்டு மோட்டார் சுவிட்ச், சாவிக் கொத்தில் தெருக்கதவுச் சாவி என்று ஊரெல்லாம் பொட்டு. "இந்த ஊருல சாமிக்கு அடுத்தபடியா சுவிட்சுக்குத்தான் பொட்டு அதிகம்" என்று நான் கிண்டல் செய்வேன். "நாம மிச்சம் பண்ணித் தர்ற நேரத்துல ஜனங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்நேரம் தன்னை முட்டாள்னு நெனச்சுக்க மாட்டாங்க இல்ல?" என்பார். அவருக்கு அதுதான் முக்கியம். ஒரு பொருளைப் பயன்படுத்தத் தெரியாமல் ஒருவர் கூசி நிற்பதை அவரால் பார்க்க முடியாது. வங்கியில் பணம் எடுக்கிற இயந்திரத்துக்கு முன்னால், முதுகுக்குப் பின்னே வரிசை காத்து நிற்க, தடுமாறுகிற பெரியவர்களைப் பார்த்தால் அந்த இயந்திரத்தைத்தான் திட்டுவார்.

இந்த ஊரில் இதையெல்லாம் பேசுவதற்கு நாங்கள் இரண்டே பேர்தான் இருந்தோம். ஒரு பொத்தான் திரையின் கீழே இருந்தால் கட்டைவிரலுக்கு எட்டுமா, 'சமர்ப்பி' என்று எழுதுவதா 'அனுப்பு' என்று எழுதுவதா என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போடுவோம். டைல்ஸ் கடைப் பையன்கள் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, யாருக்கோ சொத்துத் தகராறு என்று சொல்லிக்கொண்டு போவார்கள். எனக்குச் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். நிலமும் வீடும் நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போனபிறகு ஊர்க்காரர்கள் திசைக்கு ஒருவராகப் பிரிந்துவிட்டார்கள். மனைவியும் மகனும் படிப்புக்காகச் சென்னையில் இருக்கிறார்கள். எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே ஆட்களோடு பேசத் தெரியாமல்தான் கணினிக்குப் போனேன். பேச்சு வராதவனுக்கு அலுக்காமல் பேச ஒரு விஷயமும் ஒரு ஆளும் கிடைத்திருந்தது. இப்போது மேசை முழுக்க எனக்குத்தான். நேற்று ஒரு திரையில் ஒரு பொத்தானை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் எதிர் நாற்காலியைப் பார்த்து "என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பிலோமினா இன்னும் ஒரு படி மேலே போனார். வாராவாரம் தவறாமல் வண்டி எடுக்கிறவர்களை எதற்கு வாராவாரம் கேட்க வேண்டும்? அவர்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம்; வேண்டாம் என்கிற வாரம் மட்டும் சொன்னால் போதும்; சும்மா இருந்தால் 'வேணும்' என்றே எடுத்துக்கொள்வோம் என்றார். எனக்கும் பிடித்திருந்தது. ஒரு தட்டலையும் மிச்சப்படுத்திவிட்டோம். இனிக் குறைக்க ஒன்றுமில்லை என்ற அளவுக்கு வந்துவிட்டோம் என்று இருவரும் டீக்கடையில் போண்டா தின்று கொண்டாடினோம்.

சில வாரம் போயிருக்கும். தனபால் படியேறி வந்தார். தலையை மழித்திருந்தார். முன்னாலெல்லாம் வந்தால் வாசலிலேயே சத்தம் கொடுப்பவர், அன்று உள்ளே வந்து நின்றுகொண்டே இருந்தார்.

"என் வண்டியை நிறுத்திடுங்க மேடம். காலியாவே போயிட்டு வருதாம். பாய் சொன்னாரு."

பாய் என்றது சூளையைப் பார்த்துக்கொள்கிற காதர் பாயை. மங்கலம்பேட்டைக்காரர். வண்டிகளை உள்ளே அனுப்புவது அவர்தான்.

"ஏன் தனபால், என்னாச்சு?" என்றார் பிலோமினா.

"மல்லிகா போயிட்டா மேடம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில இருந்தா. அங்கயே முடிஞ்சுபோச்சு. நம்ம ஜில்லா மங்களூர் பக்கம் அவங்க ஊருக்கே எடுத்துக்கிட்டுப் போயிட்டோம். கருமாதி முடிச்சிட்டு நேத்துதான் வந்தேன்."

எங்கள் இருவருக்கும் தெரியாது. எஸ்டேட்டில் யாருக்குமே தெரியாது. அவர் பட்டறை கடைசி வரிசையில் இருக்கிறது, இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற ஷெட்டுகள். செயலியில் ஒவ்வொரு வாரமும் அவர் பெயருக்கு நேராக 'வேணும்' என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. செயலியில் வேண்டும் என்றுதான் இருக்கிறது, வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று காதர் பாய் கடைசி வரைக்கும் இடம் வைத்திருந்து, வேறு வழியில்லாமல் காலி வண்டியைத் தள்ளியிருக்கிறார்.

"முன்னெல்லாம் நான் ஒரு வாரம் சங்கத்துக்கு வரலன்னா பாய் ஆளனுப்பிக் கேப்பாரு. இப்ப நான் இங்கயே இருந்த மாதிரி ஆயிடுச்சு போல" என்றார் தனபால். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பிலோமினா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மல்லிகாவைப் பற்றி அவர் பேசப் பேச, நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தனபால் போனபிறகு பிலோமினா திரையில் அவர் பெயரைத் தேடி எடுத்தார். "வேலையைத்தான் குறைக்கணும் சேகர். நான் ஆளைக் குறைச்சுட்டேன்" என்றார். அன்றைக்கே கேள்வியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். எல்லாரையும் வாராவாரம் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால், வேண்டும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

"சரி, கம்ப்யூட்டர் குரல்ல தானா போன் போற மாதிரி பண்ணிடறேன்" என்றேன். எனக்கு அது அரை நாள் வேலை.

"வேணாம். மெஷின் கேட்டா வேணும், வேணாம்னு ரெண்டுல ஒண்ணுதான் சொல்ல முடியும். அது ரெண்டும் இல்லாம ஒருத்தர் வேற ஒண்ணு சொன்னா அதை எங்க வாங்கி வெப்பீங்க?"

"அப்ப யாரு பண்றது?"

"நான்தான். எனக்கென்ன வூட்டுல புள்ளைங்களா அழுவுதுங்க?" என்றார்.

திங்கட்கிழமை காலைகள் அப்படித்தான் ஆரம்பமாயின. எதிரில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு அது பெரிய தொல்லை. வண்டி வேண்டுமா என்று கேட்டு முடிக்க எவ்வளவு நேரமாகும்? பிலோமினாவின் பேச்சில் வண்டி கடைசியில்தான் வரும். மகளுக்குப் பிரசவமா, போர் போட்டதில் தண்ணீர் வந்ததா, துபாயிலிருந்து பையன் லீவுக்கு வருகிறானா என்று எல்லாம் கேட்டு, சிரித்து, கோபித்து, பிறகு "ஆமா, இந்த வாரம் வண்டி?" என்பார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். பதில் போடாமல் விடுகிறவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள் என்பதைக் கவனித்தேன். மறதிக்காரர்கள், அவர்கள் திரையை மட்டும் சிவப்பாக மின்ன வைக்கலாமா என்று கேட்டேன். "விடுங்க, அவங்க மறக்கல" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே கேட்கவும் இல்லை.

புரிந்தது கல்லறைத் தோட்டத்தில். அண்ணன் குவைத்திலிருந்து வர வேண்டியிருந்ததால் பிலோமினாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அண்ணன் வந்து சேர்ந்ததும் பூசை முடித்து எடுத்தோம். ஒரு பெண்ணுக்கு, அதுவும் ஊரில் சொந்தபந்தம் என்று அதிகம் இல்லாதவருக்கு, இவ்வளவு கூட்டமா என்று சர்ச்சுப் பங்குக்காரர்களே கேட்டார்கள். எஸ்டேட் மொத்தமும் வந்திருந்தது. எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டபிறகு தனபால் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், அன்னைக்கி நான் பதில் போடாதது மறந்துபோயி இல்ல."

"விடுங்க தனபால்."

"எப்பவுமே போடமாட்டேன் சார், வேணும்னேதான். போட்டுட்டா அவங்க போன் வராதுங்களே. வூட்டுல நான் ஒருத்தன்தான் இருக்கேன். வாரத்துல என்கிட்ட பேசற ஒரு குரல் அதான்."

காதர் பாய் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீ ஒருத்தன் மட்டுமாப்பா? இங்க நிக்கறவங்கள்ல பாதி பேரு அப்பிடித்தான். நானே வண்டி எடுக்கறவனா இருந்தா போட்டிருக்க மாட்டேன்" என்றார். பிலோமினாவுக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்தத் திங்கட்கிழமை தனபால் ஒழுங்காகப் பதில் போட்டிருந்தால் நான் வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பேன். பிலோமினா அந்தக் கட்டிலில் இன்னும் எவ்வளவு நேரம் தனியாகக் கிடந்திருப்பாரோ தெரியாது. மற்றவர்கள் இன்றைக்கு மேடம் லீவு போல என்று இருந்துவிட்டார்கள்; அவரைக் காணோம் என்று தேடியது ஒரே ஒரு ஆள், அவருடைய குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்த ஆள். அதை நினைத்து நான் வாய்விட்டு அழுதேன். அழுவேன் என்று எனக்கே தெரியாது.

அதற்கு அடுத்த வாரம் சங்கத்தில் கூப்பிட்டார்கள். போன் வேலையை யார் பார்ப்பது? சம்பளத்துக்கு ஆள் போட வசதி இல்லை. நீங்கள் பேசுவீர்களா என்று தலைவர் என்னைத் தயங்கித்தான் கேட்டார். என்னைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். எனக்கு வராது என்றேன். கம்ப்யூட்டர் குரலில் வைத்துத் தருகிறேன் என்றேன். தலையாட்டினார்கள். அரை நாளில் முடித்தேன். 'வணக்கம். தாங்கள் இந்த வாரத்திற்கான பதிலை இன்னும் அளிக்கவில்லை. வேண்டும் எனில் ஒன்றை அழுத்தவும்' என்று ஒரு பெண் குரல் சொல்லும். பிலோமினா கேட்டிருந்தால் 'அளிக்கவில்லை'யைக் கேட்டே சிரித்துச் செத்திருப்பார்.

முதல் திங்கட்கிழமை அந்தக் குரல் பதில் போடாத எல்லாருக்கும் போனது. மறு திங்கட்கிழமை காலையில் திரையைத் திறந்தேன். ஒருவர்கூட மிச்சமில்லை. மொத்த எஸ்டேட்டும் ஞாயிற்றுக்கிழமையே பதில் போட்டிருந்தது. காதர் பாய் போனில், "எல்லாரும் போட்டுட்டாங்க சார். சுத்தமா முடிஞ்சுபோச்சு" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. பதில் வராதவர்கள் வரிசையில் வர வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. என் தொழிலில் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அந்த வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காலையைப் போல ஒரு தனிமையை, வீட்டை இடித்துவிட்டு ஊரைவிட்டு வந்த நாளில்கூட நான் பட்டதில்லை. காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன் இருந்தது. அடைக்க வேண்டிய சத்தம் எதுவும் இல்லை.

குரலை நிறுத்திவிட்டேன். காதர் பாயிடம் மட்டும் சொன்னேன், இனிமேல் மெஷின் பேசாது, நானே பேசுகிறேன் என்று. பாயிடம் சொன்னால் எஸ்டேட்டுக்கே சொன்ன மாதிரி.

பிலோமினாவின் கணினியை அவர் அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். துணிமணிகளைச் சர்ச்சில் கொடுத்தார்கள். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இந்தத் திங்கட்கிழமை வேலையை மட்டும்தான். எனக்கு வராத வேலை. அதைச் சுலபமாக்க ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. இந்த வாரம் திரையில் ஒரே ஒரு பெயர் மிச்சமிருந்தது. தனபால். எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"அலோ."

"தனபால், நான் சேகர் பேசறேன்."

"சொல்லுங்க சார்."

எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "இந்த வாரம் வண்டி வேணுமா?" என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

"வேணும் சார்."

வேலை முடிந்துவிட்டது. போனை வைத்துவிடலாம். அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் எங்கோ பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது.

"வேற... எப்பிடி இருக்கீங்க தனபால்?" என்றேன்.

"இருக்கேன் சார். கொஞ்சம் கொஞ்சமா சமைக்கப் பழகறேன். கொழம்புதான் ஒரு நாளைக்கி ஒரு மாதிரி வருது." பிறகு அவரே கேட்டார்: "நீங்க எப்பிடி சார் இருக்கீங்க?"

பிலோமினா போனதிலிருந்து சாவி எங்கே, கடவுச்சொல் என்ன, செயலி ஓடுமா என்று பலரும் என்னிடம் கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்கவில்லை. 'நல்லாருக்கேன்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அவங்க இல்லாம இங்க உக்காரவே முடியல தனபால்" என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. "நான் அங்க வரட்டுங்களா சார்? வேலை ஒண்ணும் இல்ல, சும்மாதான்" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. "வாங்க" என்றேன்.